கல்லிடுக்கு மணல்: குளிர்நாட்டில் ஒரு பரீட்சை

ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் முதலிய டொரொன்டோ வட்டாரத்து ஊர்களில், வீதியிலிருந்து கராஜ் வாசல் வரைக்கும் நீளும் டிரைவ்வேக்குத் தார் பூசுவதோடு திருப்தியடையாமல், சிறு சிறு கான்கிரீட் கற்களை வரிசைபடப் பதித்து அழகு செய்துகொள்ளும் 'இன்டர்லாக்' முறையை நம்மவர் பலர் விரும்பி மேற்கொண்டிருக்கிறார்கள். கல்லின் நிறத்தையும், அது பதிக்கப்படும் கோலத்தையும், சதுர அடிக்கு ஆகும் செலவையும் பற்றி மாதக்கணக்கில் ஆலோசித்து ஒரு முடிவுக்கு வருகிற குடும்பங்கள்கூட, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஓடுகிற இடுக்கைப் பற்றிச் சிந்திப்பதில்லை. அதில் எதை நிரப்புவது என்ற தீர்மானம் கல் பதிக்க வந்த மேஸ்திரியின் இஷ்டத்துக்கு விடப்பட்டுவிடுகிறது. அந்த இடுக்குத்தான் தரையின் உயிர்நிலை என்பதும், குளிர்காலத்தின் சீற்றம் முதலில் பாய்வது அங்கேதான் என்பதும் என் திடமான அபிப்பிராயம். ஆதலால், இடுக்கை நிரப்புவதற்கென்றே இப்பொழுது கட்டடச் சாமான் கடைகளில் விற்கப்படுகிற பாலிமர் மணலை என் வீட்டு டிரைவ்வேயில் இட்டு, அதன்மேல் பனிக்காலங்கள் கடந்து செல்லும்படி விட்டுப் பார்த்த பிறகு, அதன் குணதோஷங்களை இங்கே சற்று விஸ்தாரமாக எழுதுகிறேன்.

இந்தக் கான்கிரீட் கற்களின் பூர்வ சரித்திரம் சுவையானது. இரண்டாம் உலகப் போரில் சிதைந்துபோன நெதர்லாந்து தேசத்தில், சுட்ட செங்கல் முழுவதும் வீடு கட்டுவதற்கே போதாமல் இருந்த காலத்தில், தலைமுறை தலைமுறையாகச் செங்கல் பாவியிருந்த வீதிகளுக்கு அதே வடிவத்தில் கான்கிரீட் கற்களை வார்த்துப் பதிக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து ஜெர்மனிக்குச் சென்று பலவித உருவங்களைப் பெற்ற இந்த வித்தை, 1970-களில் வட அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கல்லும் தனித்தனியே அசையக்கூடியதாக இருந்தும், இடுக்கில் நெருக்கமாகத் திணிக்கப்பட்ட மணலின் உராய்வினாலே, ஒரு கல்லின்மேல் ஏறும் காரின் பாரம் அக்கம்பக்கத்துக் கற்களுக்கெல்லாம் பகிர்ந்தளிக்கப்படுகிறது என்பதே இதன் சூட்சுமம். மணல் குறைந்தால் பகிர்வு நின்றுபோகிறது. கல் தன் பாரத்தைத் தானே சுமந்து, தனக்குக் கீழே ஓரங்குல கனத்தில் பரப்பியிருக்கும் மணற்படுகையில் புதையவோ சரியவோ ஆரம்பிக்கிறது. ஆகவே இடுக்கு மணலை ஓர் அலங்காரம் என்றோ, புல் முளைக்காமல் தடுக்கும் அடைப்பு என்றோ மட்டும் கருதுவது பொருந்தாது. சுமை தாங்கும் உறுப்புகளில் அதுவும் ஒன்று.

இனி, குளிரின் செயலைச் சொல்லவேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். மண்ணிலுள்ள ஈரம் இவ்விதம் பெருப்பதனாலேயே கற்கள் மேலெழும்புகின்றன என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியராக இருந்த ஸ்டீபன் டேபர் என்பவர், 1929, 1930-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், உறையும்போது பெருக்காமல் சுருங்கும் இயல்புடைய பென்சீன் என்ற திரவத்தை மண்ணில் ஊறவைத்து உறையச் செய்து, அப்பொழுதும் அந்த மண் மேலெழுவதை நிரூபித்துக் காட்டினார். வண்டல் போன்ற நுண்ணிய மண்ணின் துவாரங்கள், கீழேயுள்ள ஈரத்தை உறையும் மட்டத்தை நோக்கி உறிஞ்சி இழுக்கின்றன. அப்படி வந்து சேரும் நீர் அடுக்கடுக்கான பனிக்கட்டித் தகடுகளாகத் திரண்டு தடித்து, மேலேயுள்ள அனைத்தையும் தூக்குகிறது. தென் ஒன்டாரியோவில் உறைவு 4 அடி ஆழம் வரைக்கும் இறங்கக்கூடும் என்ற கணக்கினாலேதான் வீட்டு அஸ்திவாரங்களை அதற்கும் கீழே அமைக்கிறார்கள். ஓரடி கனமுள்ள சரளைப் படுகையின்மேல் அமர்ந்திருக்கும் நமது டிரைவ்வேக்கு அத்தகைய அஸ்திவாரம் கிடையாது. நிலம் எழும்பும்போது அதுவும் சற்று எழும்பி, வசந்தத்தில் நிலம் தணியும்போது அதுவும் தணிந்து, ஆண்டுதோறும் இந்த அசைவுக்கு இணங்கிக்கொடுத்தே வாழவேண்டியிருக்கிறது. இணங்கிக்கொடுக்கும் அந்தச் சக்தி முழுவதும் இடுக்குகளில்தான் இருக்கிறது.

குளிர் அதிகமான ஊரில் சேதமும் அதிகமாக இருக்கும் என்று நினைப்பது இயற்கை. ஆனால் ஜனவரி மாதச் சராசரி -16 பாகையை ஒட்டியிருக்கும் வின்னிபெக்கில், மாரியின் தொடக்கத்தில் உறைந்த தரை பெரும்பாலும் வசந்தம் வரைக்கும் உறைந்தபடியே கிடக்கிறது. அதே மாதத்தில் -5 பாகையை ஒட்டிச் சராசரி நிற்கும் டொரொன்டோவிலோ, பகலில் சூரியன் தலைகாட்டினால் பனி உருகுவதும், இரவில் அந்த நீர் மறுபடி உறைவதுமாக, உஷ்ணம் பூஜ்யப் பாகையை முன்னும் பின்னும் கடந்துகொண்டேயிருக்கிறது. ஒவ்வொரு முறை கடக்கும்போதும், இடுக்கின் வாயில் தேங்கிய நீர் உறைந்து மணற்பரல்களைத் தள்ளிப் பிரிக்கிறது. பிறகு உருகி, பிரிந்த பரல்களைச் சரிவை நோக்கி அடித்துக்கொண்டு போகிறது. மார்ச்சு மாதக் கடைசியில் டிரைவ்வேயின் கீழ்க்கோடியில் விசிறிபோல் பரவிக் கிடக்கும் மணல், அந்தக் குளிர்காலம் முழுவதும் இடுக்குகளிலிருந்து களவுபோனதன் அடையாளமேயாகும்.

பக்கத்து வீட்டில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர், நான் குனிந்து இடுக்குகளைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "அண்ணை, ஏன் இவ்வளவு கரைச்சல் படுறியள்? சீமெந்தைக் கரைச்சு உள்ளுக்கை ஊத்திவிட்டா ஒரேயடியா வேலை முடிஞ்சிடுமே?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். "வேண்டாம் தம்பி, விண்டருக்கு நிலம் கிளம்பேக்கை சீமெந்து வெடிச்சுப்போகும்; பிறகு கல்லைக் கழட்டவும் ஏலாது" என்று சொன்னேன். "அப்ப உந்தப் புது மண் மட்டும் வெடியாதோ?" என்று அவர் மறுபடி கேட்டார். மிக நியாயமான கேள்வி. பாலிமர் மணலைப் பற்றிய பரிசீலனை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. சிமெண்டுக் கலவை இறுகினால் கல்லைப்போலவே விறைப்பாகிவிடுகிறது. தரை அசையும்போது அது இணங்காமல் பிளக்கிறது. பிளவில் நீர் புகுந்து உறைந்து கல்லின் விளிம்புகளையே சிதைத்துவிடுகிறது. வேண்டும்போது கல்லைப் பெயர்த்து, கீழே சரிசெய்து, அதே கல்லைத் திரும்பவும் வைக்கலாம் என்பது இன்டர்லாக் தரைக்கே உரிய பெரும் சௌகரியம்; சிமெண்டை ஊற்றுகிறவர் அந்தச் சௌகரியத்தையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறார். இந்த ஒரு காரியத்தை யாரும் எந்த நிலையிலும் செய்யக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்வேன்.

பாலிமர் மணல் என்பது, பரலளவு பார்த்துத் தேர்ந்தெடுத்த மணலோடு உலர்ந்த பசைத்தூளை விகிதப்படி கலந்து பையிலடைத்த சரக்கு. இடுக்கில் நிரப்பி நீர் தெளித்தால் தூள் கரைந்து பரல்களைப் பற்றிக்கொள்கிறது. உலர்ந்தபின் உறுதியாக, ஆனால் சிமெண்டைப்போல் விறைக்காமல், சிறிது நெகிழ்ச்சியோடு நிற்கிறது. மறுபடி நனைந்தால் ஓரளவு இளகி, உலர்ந்தால் திரும்ப இறுகுவதும் இதன் ஸ்வபாவம். இதன் மேன்மைக்கும் பலவீனத்துக்கும் இந்தக் குணமே காரணம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். கியூபெக் மாகாணத்து டெக்னிசீல் முதலாகப் பல கம்பெனிகள் இதைத் தயாரிக்கின்றன. பெயரும் விலையும் வேறுபட்டாலும் கையாளும் முறை ஏறத்தாழ ஒன்றே. ஆகையால் ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் சரக்கைப் புகழ்வதையோ பழிப்பதையோ விட்டு, இந்த வகைப் பொருளின் தன்மையையே இங்கே ஆராய்கிறேன்.

எத்தனை பை தேவை என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. 20 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சாதாரணக் கல்லாக இருந்தால், ஒரு சதுர மீட்டரில் 50 கற்கள் அமையும்; அவற்றின் இடுக்குகளை ஒன்றாக நீட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 15 மீட்டர் நீளம் வரும். இடுக்கு 3 மில்லிமீட்டர் அகலமும், புதிதாக நிரப்பவேண்டிய ஆழம் ஒன்றரை அங்குலமுமானால், சதுர மீட்டருக்கு 2.7 கிலோ மணல் செல்லும். 50 இறாத்தல், அதாவது 22.7 கிலோ, கொண்ட ஒரு பை 8 சதுர மீட்டருக்குப் போதும். இரண்டு கார் நிற்கக்கூடிய 50 சதுர மீட்டர் டிரைவ்வேக்கு 7 பை வேண்டியிருக்கும். இடுக்கு அகலமானால் செலவும் அதே விகிதத்தில் ஏறும். சாதாரண மணலைக் காட்டிலும் இதன் விலை பல மடங்கு அதிகமாதலால், கணக்கில்லாமல் வாங்கிக் குவிப்பதும், பாதி வேலையில் பை தீர்ந்துபோய்க் கடைக்கு ஓடுவதும் வீண் சிரமமே.

இனி வேலையின் பூர்வாங்கம். பழைய மணலின்மேல் புதியதைத் தூவிப் பெருக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. அவ்விதம் மெல்லிய ஏடாகப் படிகிற பாலிமர் மணலுக்குப் பற்றிக்கொள்ள ஆழம் இல்லாததால், முதல் பனிக்காலத்திலேயே அது தகடு தகடாகப் பெயர்ந்துவிடும். குறைந்தது ஒன்றரை அங்குலம் பழைய மணலை அகற்றியே ஆகவேண்டும். இதற்காக நான் மூன்று விதமான கருவிகளைப் பரீட்சித்துப் பார்த்தேன். வளைந்த நுனியுள்ள இடுக்குக் கத்தி மலிவானது, நுட்பமானது, ஆனால் முழங்காலும் முதுகும் அதற்குக் கப்பம் கட்டவேண்டும். சில சதுர அடிகளைச் செப்பனிடுவதற்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை. பாட்டரியில் ஓடும் சுழல்தூரிகையை நின்றபடியே பிடித்து நடத்தலாம். பாசியையும் புல்வேரையும் அது அழகாக அறுத்துத் தள்ளுகிறது. ஆனால் எஃகுக் கம்பித் தூரிகை கல்லின் விளிம்பில் கீறலையும் துருக்கறையையும் விட்டுச் செல்வதால், நைலான் தூரிகையையே மாட்டிக்கொள்ளவேண்டும் என்பது என் அனுபவம்.

பிரஷர் வாஷர் வேகமானது. அதே அளவுக்கு ஆபத்தானது. அதனோடு வரும் முனைகளில் சிவப்பு முனை நீரை ஊசிபோல் ஒரே கோட்டில் பாய்ச்சும். கல்லின் மேற்பரப்பைக் குழிக்கவும், இடுக்கின் வழியே பாய்ந்து அடிப்படுகையையே குடைந்துவிடவும் அது வல்லது. 25 பாகை விரியும் பச்சை முனையையோ, 40 பாகை விரியும் வெள்ளை முனையையோ மாட்டி, இடுக்கின் போக்கிலேயே சாய்வாகப் பிடித்தால், மணல் மேலெழுந்து வெளியேறுகிறதே தவிரப் படுகைக்குச் சேதம் விளைவதில்லை. நேர்க்குத்தாகப் பிடிப்பதை அறவே தவிர்க்கவேண்டும். பெரிய பரப்பை ஒரே நாளில் சுத்தம் செய்ய இதைத்தான் நான் விரும்புகிறேன்; ஆனால் இதை உபயோகித்த பிறகு தரை உலர்வதற்கு அவகாசம் தர மனமில்லாதவர், இதைத் தொடாமலிருப்பதே மேல்.

உலர்தல் என்று சொன்னேனே, இந்த வேலையின் ஜயாபஜயம் பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கிறது. கல்லின் மேற்பரப்பு ஒரு மணி நேர வெயிலில் வெளுத்துவிடும். அதைப் பார்த்து இடுக்கும் உலர்ந்துவிட்டதாக நினைத்துவிடலாகாது. இடுக்கின் அடியிலிருந்து சிறிது மணலைக் கிளறியெடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தால், பரல் பரலாக உதிர்கிறதா, ஒட்டிக்கொண்டு உருள்கிறதா என்பது தெரிந்துவிடும். ஒட்டினால் இன்னொரு நாள் காத்திருக்கவேண்டியதுதான். ஒன்டாரியோவில் ஜூன் மாதம் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைக்கும் இதற்கு ஏற்ற காலம். அப்பொழுதும், காலைப் பனித்துளி கல்லின்மேல் இருக்கும்வரை பையைப் பிரிக்கக் கூடாது. அக்டோபர் கடைசியில், குளிர் வருவதற்குள் முடித்துவிடவேண்டும் என்ற அவசரத்தில் சிலர் இதைத் தொடங்குகிறார்கள். இரவு உஷ்ணம் பூஜ்யத்தை நெருங்கும் நாட்களில் பசை இறுகுவதற்கு முன்பே உறைவு வந்துவிடக்கூடும். அத்தகைய வேலையை அடுத்த கோடைக்கு ஒத்திவைத்து, அதுவரை சாதாரண மணலை இட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

தரை உலர்ந்தபின் மணலைக் கொட்டித் தள்ளுதுடைப்பத்தால் நாலாபக்கமும் பெருக்கினால், அது இடுக்குகளில் வழிந்து நிறைவதைப் பார்க்க மனத்துக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் நிறைந்துவிட்டது போன்ற தோற்றம் உண்மையான நிறைவாகாது. வாடகைக்குக் கிடைக்கும் அதிர்வுத்தட்டு இயந்திரத்தின் அடியில் ரப்பர் விரிப்பை மாட்டி ஒரு தடவை ஓட்டினால், மணல் சட்டென்று இறங்கிவிடுவதைக் காணலாம். பரல்களுக்கிடையில் ஒளிந்திருந்த வெற்றிடங்களெல்லாம் அப்பொழுதுதான் அடைபடுகின்றன. மறுபடி மணலிட்டு, மறுபடி ஓட்டி, இறக்கம் நிற்கும்வரை இதைச் செய்யவேண்டும். சிறிய பரப்புக்கு ரப்பர்ச் சுத்தியலால் கற்களைத் தட்டிக்கொடுத்தாலும் ஓரளவு இதே பலன் கிட்டும். கடைசியில் மணலின் மட்டம், கல்லின் சாய்ந்த விளிம்பு முடியுமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிற்கவேண்டும். விளிம்பு வரைக்கும் தளும்ப நிரப்பினால், கார்ச்சக்கரம் நேராக மணலின்மேல் அழுந்தி அதை நொறுக்கிவிடும். இந்த வேளையில் கிளம்பும் தூசியில் படிக சிலிக்கா என்ற நுண்தூள் உண்டு. அதை நெடுங்காலம் சுவாசித்தவர்களுக்குச் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருவதால், ஒருநாள் வேலைதானே என்று அலட்சியம் செய்யாமல் என்95 முகக்கவசம் அணிந்துகொள்ளவேண்டும். குழந்தைகளையும் அன்று அந்தப் பக்கம் விடலாகாது.

நீர் தெளிப்பதற்கு முன், இலை ஊதும் இயந்திரத்தை மிகத் தாழ்ந்த வேகத்தில் வைத்து, கல்லின்மேல் தங்கிய தூளை முற்றாக அப்புறப்படுத்தவேண்டும். துடைப்பத்தால் மட்டும் இது முடியாத காரியம். கண்ணுக்குத் தெரியாமல் கல்லின் சொரசொரப்பில் ஒட்டியிருக்கும் பசைத்தூள், நீர்பட்டதும் வெண்படலமாக இறுகி, கருநிறக் கற்களில் நிரந்தர மாசுபோல் தெரியும். பிறகு, பூவாளியைப்போல் மெல்லிய மழையாகத் தூவும் முனையைக் குழாயில் மாட்டி, சரிவின் கீழ்க்கோடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வந்தேன்; மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர், கீழே உலர்ந்திருக்கும் மணலை ஒழுங்கின்றி நனைத்து, மேற்புறத்தில் மட்டும் ஏடு கட்டச் செய்யும். அளவு அறிந்து தெளிப்பதே இங்கு வேண்டிய கைத்திறன். நீர் குறைந்தால் மேலே அரை அங்குலம் மட்டும் இறுகி அடியில் மணல் தூளாகவே நின்றுவிடும். அதிகமானால் பசை மிதந்து பால்போல் வெளியேறிவிடும். சிறிது தெளித்து, அது உள்ளே இறங்கும் வரைக்கும் நின்று, மறுபடி தெளித்து, ஓரிடத்தில் சோதித்துப் பார்த்து ஒன்றரை அங்குலமும் நனைந்திருப்பதை நிச்சயித்துக்கொண்டு நிறுத்தவேண்டும். பையில் அச்சிட்டிருக்கும் முறையும் இதுவே. ஆனால் ஒரு வரியில் அது சொல்லிவிட்டுப் போகும் காரியத்துக்கு, வேலையில் இறங்கும்போது ஒரு முழு மாலைப்பொழுதின் பொறுமை தேவைப்படுகிறது.

இனி, குளிர்காலங்கள் கடந்த பின் கண்ட பலனைச் சொல்கிறேன். தெற்கு வெயில் படிந்து, நன்றாகச் சரிந்து நீர் வடியும் நடுப்பகுதியில், இடுக்குகள் இட்டது இட்டபடியே இருக்கின்றன. கத்தி நுனியால் அழுத்தினாலும் எளிதில் இறங்குவதில்லை. கோடை இடிமழையும் வசந்த உருகலும் அவற்றை அசைக்கவில்லை. நண்பர் கேட்ட கேள்விக்கு இந்தப் பகுதியே அனுகூலமான விடை. காரை நிறுத்திய நிலையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்புகிற இடத்தில் மட்டும் மயிரிழைபோன்ற வெடிப்புகள் கண்டன. அவற்றில் சில கோடை வெப்பத்தில் தாமாகவே கூடிவிட்டன, சில நின்றுவிட்டன. வீதியை ஒட்டிய முனையில், நகராட்சிப் பனிவண்டி வாரித் தள்ளிவிட்டுப் போகும் உப்புச்சேறு வாரக்கணக்கில் குவிந்து கிடக்கும் ஓரடி அகலத்துக்கு, மேற்பரப்பு பொரிந்து உதிர்ந்திருக்கிறது. வடக்குச் சுவரின் நிழலில், கூரைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாய்க்கருகே, மணல் இளகிச் சந்தனம்போல் வெளுத்து, விரல்பட்டால் ஒட்டிக்கொண்டது. நான் முன்னே சொன்ன ஸ்வபாவம் இதுதான்: நனைந்தால் இளகி உலர்ந்தால் இறுகுகிற பொருளுக்கு, உலர்வதற்கு வாய்ப்பே தராத இடத்தில் இறுகும் வாய்ப்பும் இல்லை. குழாய்க்கு ஒரு நீட்டிப்பு மாட்டி நீரைப் புல்தரைக்குத் திருப்பிய பிறகும், அந்த நிழற்பகுதியில் பாலிமர் மணலைத் திரும்ப இடுவதில் பிரயோஜனம் இல்லையென்று கண்டு, அதைச் சுரண்டியெடுத்துவிட்டுச் சாதாரண மணலையே நிரப்பினேன்.

களையையும் எறும்பையும் பற்றி விளம்பரங்களில் பிரமாதமாகப் பேசப்படுகிறது. இடுக்கில் முளைக்கும் புல் பூண்டுகளின் விதைகள் பெரும்பாலும் காற்றில் பறந்து வந்து மேலிருந்தே விழுகின்றன. கீழே துணி விரித்தால் களை வராது என்பது அதனால்தான் பயனற்ற யோசனையாகிறது. இறுகிய பாலிமர் மணலில் விதை வேரூன்றச் சிரமப்படுகிறது என்பது மெய். ஆனால் இலைச்சருகும் மண்தூசியும் இடுக்கின்மேல் மட்கிப் படிந்தால், அந்தப் படிவிலேயே முளைத்து, வேரினால் மெல்ல மணலைப் பிளந்துவிடுகிறது. ஒன்டாரியோவில் 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 22 முதல் வீட்டு அழகுக்காகக் களைக்கொல்லி தெளிப்பது சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், மருந்தடித்துக் காரியம் முடிக்கும் வழியும் இல்லை. கடுமையான வினிகரைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். அமிலம் கான்கிரீட்டை அரிக்கும் என்பதால் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வாரம் ஒருமுறை துடைப்பத்தால் பெருக்கிவிடுவதே நான் கண்ட உத்தமமான களை மருந்து. எறும்புகளோ, இறுகிய இடத்தை விட்டுவிட்டு, வெடிப்பும் விளிம்பும் கண்ட இடத்தில் குடைந்து படுகை மணலை வெளியே கொண்டுவந்து குவிக்கின்றன. அந்தக் குவியல் தென்படும்போதே அடைத்துவிட்டால் போதும்.

சாதாரண மணலுக்கும் இங்கே நியாயம் வழங்கவேண்டும். கழுவிச் சலித்த, கூரிய முனைகளுள்ள கான்கிரீட் மணலைப் பக்கவாட்டு நடைபாதையில் நிரப்பியிருக்கிறேன். ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒன்றிரண்டு வாளி மணலைக் கொட்டிப் பெருக்கவேண்டியிருக்கிறது. அதற்குமேல் யாதொரு தொல்லையும் இல்லை. ஈரமாக இருந்தால் இளகுவதற்கு அதில் பசை கிடையாது; நிலம் எழும்பினால் பிளப்பதற்கு அதில் இறுக்கமும் கிடையாது. குழந்தைகள் விளையாடும் உருண்டைப் பரல் மணலையும், சுண்ணாம்புக் கல் உடைக்கும்போது கிடைக்கும் தூளையும் மட்டும் இடுக்குக்கோ படுகைக்கோ வாங்கக் கூடாது. முன்னது பிடிப்பில்லாமல் நழுவும், பின்னது நீரைப் பிடித்துவைத்து உறைவுக்கு இடங்கொடுக்கும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், அல்லது இடுக்கு மிகக் குறுகலாக இருக்கும் பழைய தரையில், சாதாரண மணலே உயர்ந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

இடுக்கைக் காப்பதில் பனி அகற்றும் முறைக்கும் பங்குண்டு. ஸ்னோ புளோயரின் இரும்பு விளிம்பைக் கல்லைத் தொடாத உயரத்துக்கு ஏற்றிவைக்கவேண்டும். கையால் வாருகிறவர்களுக்கு பிளாஸ்டிக் விளிம்புள்ள ஷவல் போதும். சாதாரண உப்பு -9 பாகைக்குக் கீழே பெரும்பாலும் வேலை செய்வதில்லை. அந்தக் குளிரில் வீணாக அள்ளி வீசுகிற உப்பெல்லாம், வெயில் வரும் நாளில் உப்புநீராக இடுக்கில் இறங்குவதற்கே உதவுகிறது. கால்சியம் குளோரைடு இன்னும் தாழ்ந்த குளிரிலும் உருக்கும், ஆகையால் கொஞ்சமாகத் தூவினால் போதும். கனடாவின் சி.எஸ்.ஏ. ஏ231.2 என்ற தரநிர்ணயம் உப்புநீரில் உறையவைத்து உருக்கும் பரீட்சையைக் கற்களுக்கு விதித்திருக்கிறது. எனவே தரமான கல் உப்பைத் தாங்கிக்கொள்ளும். உப்பு கைவசம் இல்லையென்று, அம்மோனியம் சேர்ந்த உரத்தைப் பனியின்மேல் தூவுகிற வழக்கம் மட்டும் கல்லையே அரித்துவிடும், அதை விலக்கவேண்டும். வழுக்கலைத் தடுப்பது மட்டுமே தேவையானால், கரடுமுரடான மணலைத் தூவுவதைவிட நல்லது வேறில்லை.

ஆகமொத்தத்தில், வெயிலும் சரிவும் உள்ள, இடுக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறையாத டிரைவ்வேக்குப் பாலிமர் மணலை வாங்குவது பணத்துக்குத் தகுந்த காரியம். உலர்ந்த நாட்களையும் அதிர்வுத்தட்டையும் ஏற்பாடு செய்துகொள்ள முடியாதவர்கள் அதை வாங்கவேண்டியதில்லை. வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளவேண்டும்: ஓரக்கற்களைப் பிடித்துநிறுத்தும் கரைகட்டு உறுதியாக இருக்கிறதா என்பது. ஆணியடித்த பிளாஸ்டிக் கரைகட்டை உறைவு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பிடுங்கிவிடுவதுண்டு. கரை விலகினால் கற்கள் விலகும், கற்கள் விலகினால் இடுக்கு அகலும், அகன்றுகொண்டே போகும் இடுக்கை எந்த மணலாலும் நிரப்பி முடிக்க முடியாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரே இடம் எழும்பி, வசந்தத்தில் குழிந்து நீர் தேங்குமானால், கோளாறு சரளைப் படுகையிலோ அதன் அடியிலுள்ள மண்ணிலோ இருக்கிறது. அங்கே பையும் பையுமாக மணலைக் கொட்டுவது வீண்செலவு. நிலம் முற்றும் தணிந்த பிறகு, மே மாதக் கடைசியில், இரண்டு தட்டை ஸ்க்ரூடிரைவர்களை எதிரெதிர் இடுக்குகளில் செருகி முதல் கல்லை நெம்பியெடுத்துவிட்டால், மற்றவை கையோடு வந்துவிடும்; படுகையைக் கிளறி, வண்டல் கலந்த மண்ணை நீக்கிச் சரளையிட்டுத் திமிசு போட்டு, ஓரங்குல மணல் பரப்பி, அதே கற்களை அதே வரிசையில் பதித்து, இடுக்குகளுக்கு முதலாண்டு சாதாரண மணலையே நிரப்பிவைத்து, அடுத்த குளிர்காலத்தில் அந்த இடம் அசையாமல் நின்றதைக் கண்ட பிறகு பாலிமர் மணலுக்குச் செலவழிக்கலாம்.